பதினொரு முறை அணைந்த பைலட் சுடர்: நியூ ஜெர்சி வீடொன்றில் நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டு நிலவறையில் நிற்கும் 40 கேலன் வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடர், நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கத்துக்குள் பதினொரு முறை அணைந்தது. அந்த இடைவெளியில், சுடர் எரிகிறதா என்பதைச் சூட்டால் உணரும் கம்பியான தெர்மோகப்பிளை இரண்டு முறை மாற்றினோம். கேஸ் வால்வையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றும், ஒன்பது வயதான ஹீட்டர் என்பதால் புதிதாகவே வாங்கிவிடுவது மேல் என்றும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. கடைசியில் தெரியவந்த காரணத்தின் பெரும்பகுதி ஹீட்டருக்கு வெளியே, சமையலறையிலும் புகைபோக்கியிலும் இருந்தது. பைலட் அணைந்துகொண்டிருந்ததை நாங்கள் தொல்லையாகப் பார்த்தோம். உண்மையில் எரிந்த புகை வீட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த தெளிவான அடையாளம் அந்தச் சுடர் ஒன்றுதான். இதே வகை வீட்டில், இதே வகை ஹீட்டருடன் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருப்பதால், நடந்ததை வரிசை பிசகாமல் எழுதுகிறேன்.

வீடும் கருவியும்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் உள்ள இரண்டு மாடி வீடு, அடியில் நிலவறை. ஹீட்டர் இயற்கை எரிவாயுவில் இயங்குவது, மணிக்கு 40,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிதிறன் கொண்டது. மின்விசிறி எதுவும் இல்லாமல், சூடான புகை தானாக மேலே எழும் இயல்பை மட்டும் நம்பிப் புகைபோக்கி வழியாக வெளியேற்றும் வகை. இதற்கு மின் இணைப்பே கிடையாது. ஊரில் குளியலறைச் சுவரில் மாட்டும் கேஸ் கீசர் குழாயைத் திறக்கும்போது மட்டும் எரியும். இது அப்படியல்ல, ஏறக்குறைய 150 லிட்டர் நீரை எந்நேரமும் சூடாக வைத்திருக்கும் தொட்டி. அதன் அடியில் பைலட் என்னும் சிறு சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஹீட்டர் நிற்கும் சிறு அறையில்தான் துணி உலர்த்தும் டிரையரும் இருக்கிறது. அடுத்த அறை விருந்தினர் அறை. அக்டோபரில் மதுரையிலிருந்து வந்த அம்மா, மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்காததாலும், பக்கத்திலேயே குளியலறை இருந்ததாலும், நிலவறைக்கு இறங்கும் ஒரே படிக்கட்டோடு போதும் என்று அந்த அறையில் தங்கினார்.

இன்னும் இரண்டு மாற்றங்களைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு, புகையை பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரைத் துளைத்து நேராக வெளியே அனுப்பும் உயர்திறன் ஃபர்னஸைப் பொருத்தினோம். சென்ற ஆகஸ்டில் சமையலறையைப் புதுப்பித்தபோது, தாளிக்கும் நெடி வீடெங்கும் பரவாமலிருக்க, நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஹூட்டை அடுப்புக்கு மேல் மாட்டினோம். தமிழ்நாட்டில் இதைத்தான் சிம்னி என்பார்கள். குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் அடுப்புக்கு மேலிருப்பதை ஹூட் என்றும், கூரைக்கு மேல் எழும் செங்கல் கட்டுமானத்தைப் புகைபோக்கி என்றும் குறிப்பிடுகிறேன். இந்த இரண்டு வேலைகளையும் வாட்டர் ஹீட்டரோடு சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சுடர் அணைந்ததா, காந்தம் விட்டதா

பைலட்டின் வேலை முறை தெரியாமல் பழுதைத் தேடுவது இருட்டில் துழாவுவதற்குச் சமம் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு வெவ்வேறு உலோகங்களின் இணைப்பு ஒரு முனையில் சூடாகவும் மறுமுனையில் குளிராகவும் இருந்தால் அங்கே சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் தாமஸ் சீபெக் கண்டறிந்த இந்த விளைவுதான் தெர்மோகப்பிளின் அடிப்படை. பென்சிலை விட மெல்லிய அந்தக் கம்பியின் முனை பைலட் சுடருக்குள் இருக்கும். அதில் பிறக்கும் 25 முதல் 30 மில்லிவோல்ட், கேஸ் வால்வுக்குள் இருக்கும் ஒரு சிறு மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் காந்தம் தானாக வால்வைத் திறக்கும் அளவுக்கு வலுவானதல்ல. நாம் குமிழை அழுத்தித் திறந்து கொடுத்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ள மட்டும் அதனால் முடியும். பைலட்டைப் பற்றவைத்த பின் ஒரு நிமிடம் குமிழை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். சுடர் போய்விட்டால் கம்பி குளிரும், மின்னழுத்தம் விழும், காந்தம் விட்டுவிடும். பைலட்டுக்கும் பெரிய பர்னருக்கும் போகும் வாயு முழுவதும் நின்றுவிடும்.

ஆகவே அணைந்து கிடக்கும் பைலட்டைப் பார்த்த மாத்திரத்தில், சுடர் முதலில் அணைந்து காந்தம் விட்டதா, சுடர் நன்றாக எரியும்போதே காந்தம் விட்டதால் வாயு நின்று சுடர் அணைந்ததா என்பதைச் சொல்ல முடியாது. இரண்டும் கண்ணுக்கு ஒரே காட்சிதான். காரணங்கள் முற்றிலும் வேறு. காந்தம் முதலில் விட்டிருந்தால் தெர்மோகப்பிள், அதன் இணைப்பு, நீர் அளவு மீறிச் சூடானால் சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், வால்வு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். சுடர் முதலில் அணைந்திருந்தால் வாயு அழுத்தம், பைலட் துளையில் அடைப்பு, எரிவதற்கு வேண்டிய காற்று, புகைபோக்கியின் இழுப்பு என்று தேடல் வேறு திசையில் போக வேண்டும். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை நன்றாக எரிந்து, விட்ட உடனே ஒவ்வொரு முறையும் அணைந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. எங்கள் ஹீட்டரில் குமிழை விட்டபின் சுடர் நாள்கணக்கில் எரிந்தது. பிறகு ஒரு நாள் அணைந்தது. இந்த வேறுபாட்டை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதல் இரண்டு பழுதுபார்ப்புகள்

நவம்பர் 16 அன்று இரவு முதன்முறை அணைந்தது. குமிழை மூடி, பத்து நிமிடம் காத்திருந்து, வாயு நெடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி பற்றவைத்தேன். நெடி இருந்திருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்துதான் எரிவாயு நிறுவனத்தை அழைத்திருக்க வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் இன்னும் மூன்று முறை அணையவே, பழுதுபார்ப்பவரை அழைத்தோம். அவர் டிசம்பர் 1 அன்று தெர்மோகப்பிளை மாற்றினார். பைலட் அணைகிறது என்ற புகாருக்கு இந்தத் தொழிலில் முதலில் செய்வது இதுவே. பல வீடுகளில் அதுவே சரியாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் எட்டு நாள்தான் தாங்கியது.

மேலும் இரு முறை அணைந்தபின் டிசம்பர் 15 அன்று வேறொருவர் வந்தார். நிதானமாக வேலை செய்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். வாயு அழுத்தத்தை அளந்தார். அது இங்கே வழக்கமான 7 அங்குல நீர் அழுத்தத்தை ஒட்டியே இருந்தது. வீட்டின் எல்லா கேஸ் கருவிகளையும் ஒன்றாக இயக்கியபோதும் குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. முதலில் வந்தவர் தெர்மோகப்பிள் திருகை வலுவாக முடுக்கி அதன் முனையை நசுக்கியிருப்பதைக் காட்டி, அதை மாற்றினார். கையால் முடுக்கியபின் கால் சுற்று மட்டுமே திருக வேண்டும் என்றும் விளக்கினார். அடுத்து அணைந்தால் வால்வுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். டிசம்பர் 21 அன்று அணைந்தது.

இருவருமே ஹீட்டரின் முன்னால், தரையில் மண்டியிட்டு வேலை செய்தார்கள். எழுந்து நின்று அதன் தலைப்பகுதியைப் பார்த்திருந்தால், வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் இணையும் இடத்தில் இருக்கும் சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் வளையங்கள் ஒரு பக்கம் உருகிச் சரிந்திருப்பதைக் கண்டிருக்கலாம். ஹீட்டரின் உச்சியில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் குடைபோல் இருக்கும் தகடு டிராஃப்ட் ஹூட் (அடுப்புக்கு மேலிருக்கும் ஹூட் வேறு). மேலே போக வேண்டிய சூடான புகை இதன் ஓரத்தில் வழிந்து, தொட்டியின் தலைமேல் பரவினால்தான் அவை அப்படி உருகும். நான் அந்த ஹீட்டரை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். வளையங்கள் உருகியிருந்ததைக் கண்டதும் உண்டு. பழசானதால் அப்படி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

குறிப்பேடு

வால்வை மாற்றுவதற்கு முன் எப்போதெல்லாம் அணைகிறது என்று எழுதிப் பார்க்க நினைத்தேன். முதல் ஆறு முறைக்கான நேரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கிடைத்தது. “வெந்நீர் வரலை, யாராவது கீழே போய்ப் பாருங்க” என்ற செய்திகளுக்கு நேரமும் தேதியும் இருந்தன. அதன்பின் நடந்தவற்றைக் கையால் எழுதினேன்: நாள், நேரம், வெளியே குளிர் எவ்வளவு, காற்று எப்படி, வீட்டில் அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கிடையே டிசம்பர் 27 அன்று, கைக்கண்ணாடியும் டார்ச்சுமாகத் தரையில் படுத்து ஹீட்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். 2003க்குப் பிறகு அமெரிக்காவில் தயாரான இவ்வகை ஹீட்டர்களில், தரையில் சிந்திய பெட்ரோல் போன்றவற்றின் ஆவி உள்ளே போய்த் தீப்பிடித்தாலும் அந்தத் தீ வெளியே பாயாதபடி, எரியறையை மூடி, நுண்துளைகள் கொண்ட தகடு வழியாக மட்டும் காற்றை உள்ளே விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தத் துளைகளும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் வலையும் தூசியால் அடைபட்டால் சுடருக்கு மூச்சு முட்டும். எங்கள் வலையில் டிரையரின் பஞ்சுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. வால்வை மூடி, ஆறவிட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன். அதற்கு முன் மஞ்சள் நுனியோடு தளர்ந்து ஆடிய சுடர், அதன்பின் நீலமாகி, தெர்மோகப்பிளின் முனையை நன்றாகத் தழுவி எரிந்தது. மல்டிமீட்டரில் அளந்தபோது தெர்மோகப்பிள் 27 மில்லிவோல்ட் காட்டியது. காந்தத்தின் மீதிருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

மூன்று வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. தூசிதான் காரணம் என்று நம்பி, குறிப்பேட்டை மூடிவைத்தேன். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் குடும்பமாக வந்திருந்தார்கள். நான்கு அடுப்புகளிலும் சமையல் நடந்தது; ஹூட் மாலை முழுவதும் உச்ச வேகத்தில் ஓடியது. இரவு ஒன்பது மணிக்கு வெந்நீர் நின்றது.

அன்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் மனைவியும் உட்கார்ந்தோம். அணைந்த நாள்களில் பெரும்பாலானவை சனி, ஞாயிறுகள். நேரம் இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில். சமையலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொன்னேன். “சமைக்கும்போது இல்லைங்க, பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் தண்ணி ஆறிப்போகுது” என்று அவர் திருத்தினார். இந்த ஆய்வில் கிடைத்த மிக முக்கியமான தகவல் அந்த ஒரு வாக்கியம்தான்.

மொத்தக் கணக்கையும் இங்கே தந்துவிடுகிறேன். பதினொன்றில் எட்டு முறை, ஹூட் வேகமாக ஓடிய மாலைகளில் அணைந்தது. இரண்டு முறை, வேறு எதுவும் ஓடாத, பலத்த காற்று வீசிய இரவுகளில். ஒரு முறைக்கு எந்தக் காரணமும் பொருந்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அமைதியான வானிலையில் அணைந்திருந்தது. அதை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது

ஒரு வீட்டிலிருந்து நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இரு மாடிகளும் சேர்ந்து எங்கள் வீட்டின் கொள்ளளவு சுமார் 18,000 கன அடி. அதாவது ஹூட் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று முழுவதையும் மூன்று முறை மாற்றிவிடக்கூடியது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் சன்னல்கள் திறந்திருந்ததால் காற்று அந்த வழியே வந்தது. எந்தச் சிக்கலும் எழவில்லை. நவம்பரில் குளிர் தொடங்கியதும் சன்னல்களை அடைத்தோம். அதன்பின் வெளிக்காற்று உள்ளே வருவதற்கு மிக எளிதான திறந்த வழியாக எஞ்சியது புகைபோக்கி.

அந்தப் புகைபோக்கியும் பலவீனமாகத்தான் இருந்தது. பழைய ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து பயன்படுத்துவதற்காகக் கட்டியது அது; களிமண் உறையின் உள்ளளவு ஏறக்குறைய 68 சதுர அங்குலம். ஹீட்டரின் புகைக்குழாய் 3 அங்குல விட்டம் கொண்டது, பரப்பு 7 சதுர அங்குலம். குழாயின் பரப்பைப் போல் ஏழு மடங்குக்கு மேல் புகைபோக்கி இருக்கக்கூடாது என்பது அமெரிக்க எரிவாயு விதிநூலின் கணக்கு. எங்களுடையது ஒன்பது மடங்கைத் தாண்டியிருந்தது. ஃபர்னஸ் எரிந்த காலத்தில் அதன் பெருஞ்சூடு செங்கலைக் கதகதப்பாக வைத்திருந்ததால் ஹீட்டரின் மெல்லிய புகையும் சேர்ந்து மேலே போனது. ஃபர்னஸ் வேறு வழிக்குப் போனபின் ஹீட்டர் அந்தப் பெரிய, குளிர்ந்த கூண்டில் தனித்து விடப்பட்டது. இத்தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட ஹீட்டரை அநாதை என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது மனைவி சொன்னதைச் சேர்த்துப் பார்க்கலாம். சமையல் தொடங்கும்போது ஹீட்டர் பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது. பைலட் மட்டும் எரிகிறது. ஹூட்டின் இழுப்பால் புகைபோக்கி வழியே வெளியிலிருந்து குளிர்காற்று கீழே இறங்கத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் செங்கல் முழுவதையும் குளிர்வித்துவிடுகிறது. சிறு சுடரான பைலட் அதை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கத் தொடங்கியதும் வெந்நீர் குறைந்து, பெரிய பர்னர் பற்றுகிறது. அதன் புகை மேலே ஏறப் பார்க்கிறது. எதிரே குளிர்காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. புகை டிராஃப்ட் ஹூட்டின் ஓரத்தில் வழிந்து அறைக்குள் பரவுகிறது. எரியறைக்குள் ஓட்டம் கலைந்து, பைலட் சுடர் தெர்மோகப்பிளை விட்டுச் சாய்கிறது. கம்பி குளிர்கிறது, காந்தம் விடுகிறது, எல்லாம் அணைகிறது. முதலில் அணைந்தது சுடர்; அதை அணைத்தது வீட்டின் காற்று.

ஊதுவத்திச் சோதனை

இது கருத்தளவில் பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட முடியாது என்பதால், பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். அம்மாவையும் குழந்தைகளையும் வெளியே அனுப்பிவிட்டு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவின் மிகக் குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன்; அந்தக் கருவி இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம். வாசல், சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து பர்னரை எரியவிட்டு, எரியும் ஊதுவத்தியை டிராஃப்ட் ஹூட்டின் ஓரத்தில் பிடித்தேன். இழுப்பு இருந்தால் வத்தியின் புகை உள்ளே போக வேண்டும்.

எதுவும் ஓடாதபோது முதல் ஒரு நிமிடம் தயங்கிய புகை, பிறகு உள்ளே போனது. டிரையரை மட்டும் ஓட்டி, அறைக் கதவைச் சாத்தியபோது இரண்டு நிமிடத்துக்கும் மேலாக வெளியே தள்ளப்பட்டு, அதன்பின் மெதுவாகத் திரும்பியது. புகைபோக்கியை ஆறவிட்டு, ஹூட்டை உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டியபின் பர்னரை எரியவிட்டபோது, வத்தியின் புகை என் முகத்தை நோக்கி வந்தது. ஐந்து நிமிடமாகியும் திரும்பவில்லை. ஹீட்டரின் சிறு கண்ணாடித் துளை வழியே பார்த்தேன். பைலட் சுடர் காற்றில் சாய்ந்த அகல் விளக்குபோல் ஒருபுறம் வளைந்திருந்தது. டிரையரையும் சேர்த்து ஓட்டினேன். நான்காவது நிமிடத்தில் வால்வுக்குள் ‘டக்’ என்ற ஒலி கேட்டது, எல்லாம் அணைந்தது. இரண்டரை மாதமாக நாங்கள் தேடிய நிகழ்வைக் கண் முன்னால் நடத்திப் பார்த்துவிட்டோம்.

சில நாள் கழித்து, வீட்டின் காற்றோட்டத்தை அளக்கும் தொழில்முறை ஆய்வாளர் ஒருவர் அழுத்தமானியோடு வந்து அளந்தார். ஹூட்டும் டிரையரும் ஓடும்போது ஹீட்டர் அறையின் அழுத்தம் வெளியை விட 7 பாஸ்கல் குறைந்தது. தனித்து விடப்பட்ட ஹீட்டருக்கு இத்துறையினர் பின்பற்றிவந்த வரம்பு 2 பாஸ்கல். நீர்மட்டக் கணக்கில் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய விசையை நம்பித்தான் இந்தப் புகை வெளியேறுகிறது.

அம்மாவின் அறை

ஊதுவத்திச் சோதனையின்போது கையிலிருந்த கருவி, டிராஃப்ட் ஹூட்டின் அருகே 22 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 22 பங்கு) கார்பன் மோனாக்சைடு காட்டியது; பத்து நிமிடம் கழித்து அம்மாவின் அறையில் 9. எட்டு மணி நேரச் சராசரியாக வெளிக்காற்றில் அமெரிக்க அரசு அனுமதிக்கும் வரம்பே 9 பி.பி.எம். தான். நன்றாக எரியும் எரிவாயுச் சுடர் இந்த நச்சை மிகக் குறைவாகவே உண்டாக்கும். ஆனால் எரிந்த புகையே மீண்டும் பர்னருக்குள் போகத் தொடங்கினால், பிராணவாயு குறைந்து, அரைகுறையாக எரிந்து, நச்சு மேலும் மேலும் கூடும்.

அந்த அறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது; பழையதல்ல, பழுதானதும் அல்ல. ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. வீட்டு அலாரங்களுக்கான யு.எல். 2034 என்னும் அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தின்படி, 70 பி.பி.எம். இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும், 30 பி.பி.எம்.மில் முப்பது நாள் ஒலிக்காமல் இருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து வரும்போது எழுப்புவதற்காக வகுத்த அளவுகள் இவை. அலாரம் ஒலிக்காததால் காற்று நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் தவறு.

டிசம்பரிலிருந்தே அம்மா, “ராத்திரியெல்லாம் தலை கனமா இருக்குப்பா, இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கலை போல” என்று சொல்லிவந்தார். நாங்களும் குளிர்தான் என்று கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தோம். சோதனை நடந்த அன்றே அவரை நிலவறையிலிருந்து மேலே தரைத்தளத்துக்கு மாற்றினோம். ஹாலில் கட்டில் போட்டோம். தலைக்கனம் ஒரு வாரத்தில் போய்விட்டது. இடமாற்றமும், ஹீட்டரை நிறுத்தியதும், குளிர் தணிந்ததும் ஒன்றாக நடந்ததால் புகைதான் காரணம் என்று உறுதியாக நான் சொல்ல முடியாது. ஆனால் பைலட் அணைந்த நாள்களில் மட்டும்தான் புகை வழிந்தது என்று நினைக்க இடமில்லை. சுடர் தாங்கிக்கொண்டு எரிந்த மற்ற மாலைகளில் புகை வழிந்தபடியே இருந்திருக்கும். அன்றெல்லாம் பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

செய்த திருத்தங்கள்

அன்றிரவே ஹீட்டரின் வால்வை மூடிவிட்டோம். பத்து நாள் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தோம். ஊர்க் கட்டட அலுவலகத்தில் அனுமதி வாங்கி, உரிமம் பெற்றவரைக் கொண்டு புகைபோக்கிக்குள் ஹீட்டருக்கு ஏற்ற விட்டத்தில் அலுமினிய உட்குழாயை இறக்கி, உச்சியில் காற்றைத் தடுக்கும் மூடியும் போட்டோம். பழைய மூடி எப்போதோ பறந்துபோயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. காற்று வீசிய இரவுகளில் அணைந்த அந்த இரண்டு முறைக்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

உட்குழாய் போட்டபின் ஊதுவத்திச் சோதனையைத் திரும்பச் செய்தோம். டிரையர் மட்டும் ஓடியபோது புகை அரை நிமிடத்தில் உள்ளே போனது, பெரிய முன்னேற்றம். ஆனால் ஹூட்டை உச்சத்தில் வைத்தபோது மறுபடி வெளியேதான் வந்தது. உட்குழாயே போதும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் அதை நம்பி அம்மாவை மீண்டும் கீழே அனுப்பியிருப்பேன்.

மீதமிருந்தது ஈடுகாற்று. இயற்கை இழுப்பில் இயங்கும் எரிகருவி உள்ள வீட்டில், நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட்டைப் பொருத்தினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும் என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதிநூல் சொல்கிறது. எங்கள் சமையலறையைப் புதுப்பித்தவர் இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஹூட்டை இயக்கினால் தானாகத் திறக்கும் மோட்டார் தகடு கொண்ட காற்றுக்குழாயைச் சுவர் வழியே சமையலறைக்குக் கொண்டுவந்தோம். சனவரிக் குளிரில் அந்தக் காற்று சில்லென்று வரும், உண்மைதான். அந்த அசௌகரியத்தை ஏற்றுக்கொண்டோம். ஹீட்டர் அறையின் கதவையும் காற்றுப் புகும் சட்டங்கள் உள்ள கதவாக மாற்றினோம். மூடிய சிறு அறையில் இருக்கும் எரிகருவிக்கு, ஆயிரம் பி.டி.யு.வுக்கு 50 கன அடி என்ற கணக்கில் காற்றிடம் வேண்டும். எங்கள் ஹீட்டருக்கு 2,000 கன அடி. அந்த அறையோ 700 கன அடிதான்.

இத்தனைக்கும் பிறகு அழுத்தம் 1 பாஸ்கலுக்குள் நின்றது. எல்லாம் ஓடும்போதும் ஊதுவத்தியின் புகை பதினைந்து விநாடியில் உள்ளே போனது. கருவி சுழியம் காட்டியது. தெர்மோகப்பிள் இரண்டாவது பழுதுபார்ப்பவர் மாட்டியதேதான், வால்வு பழையதேதான். அடுத்த குளிர்காலம் முழுவதும், தீபாவளி விருந்தும் பொங்கல் விருந்தும் உட்பட, பைலட் ஒரு முறையும் அணையவில்லை.

ஹீட்டருக்கு இப்போது பத்து வயது கடந்துவிட்டது. அடுத்ததாக, வெளிக்காற்றையே உள்ளிழுத்து வெளியிலேயே புகையை விடும் மூடிய வகையையோ, சுடரே இல்லாத ஹீட் பம்ப் வகையையோ வைக்கப் போகிறோம். அதுவரை மாதத்தின் முதல் ஞாயிறன்று, அடிவலையின் தூசியை உறிஞ்சியபின், டிராஃப்ட் ஹூட்டின் ஓரத்தில் ஒரு ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அம்மா இந்த முறை வந்தபோது நிலவறைக்குத் திரும்பவில்லை. தரைத்தள ஹாலிலேயே தடுப்பு வைத்து ஓர் அறை கட்டிக் கொடுத்துவிட்டோம்.